சிவப்புக் கோடு விடுபட்ட சொல்

ஒரு பெண்ணின் பெயரை நான் அடித்தேன். பென்சிலால் எழுதிய ஒரு பட்டியலில், பேனாவால் ஒரே கோடு. பிறகு இரண்டு பேரிடம் இரண்டு பொய் சொன்னேன். பெயருக்கு உரியவளிடம், "டைரக்டர் வேண்டாம்னுட்டார்" என்றேன். டைரக்டரிடம், "அவள் வேண்டாம் என்கிறாள்" என்றேன். இருவரும் நம்பினார்கள். டைரக்டர் நம்பியபடியே இறந்தும் போனார்.

இது நடந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. தோர்ண்டன் ஹீத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் தனியாக இருக்கிறேன். லண்டனில் கன்னட சினிமாவைப் பற்றி யாராவது பேச வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு கல்லூரியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சினிமா பாடம் எடுத்தேன். அந்த வேலையும், அதனால் வந்த மரியாதையும், ஒரே ஒரு படத்தில் நான் உதவி இயக்குநராக இருந்தேன் என்பதிலிருந்து வந்தவை. அந்தப் படத்தின் கடைசிச் சொல்லைப் பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை இன்னும் மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தச் சொல்லை உச்சரித்தவளின் பெயரைத்தான் நான் அடித்தேன்.

டைரக்டரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் கர்நாடக மலைநாட்டுக்காரர். தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மனுக்களை நகலெடுத்து எடுத்துத்தான் ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கற்றுக்கொண்டேன் என்பார். வேலையை விட்டு பெங்களூர் வந்து, நாடகம் போட்டு, பிறகு படத்துக்கு வந்தார். படப்பிடிப்பில் "கட்" என்று சொல்ல மாட்டார். கன்னடத்தில் "போதும்" என்பதற்குரிய சொல்லைச் சொல்வார், சாப்பாட்டு இலையின் மேல் கையை நீட்டி மறைப்பவரைப் போல. கோபம் வந்தால் சத்தம் குறையும். எல்லோரையும் "மாராயா" என்று கூப்பிடுவார். மலைநாட்டில் ஆண்களை அப்படித்தான் அன்பாகக் கூப்பிடுவார்கள். என்னிடம் கன்னடத்தில்தான் பேசுவார். நான் தமிழன் என்பது அந்தக் குழுவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் இரண்டு எழுத்து இனிஷியல்.

படத்தின் கதை எளியது. புருஷன் விட்டுவிட்டுப் போன ஒரு பெண் தனியாக நெல் குத்திப் பிழைக்கிறாள். பல வருடம் கழித்து அவன் திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து, தான் போனதற்கான காரணங்களைச் சொல்கிறான். ஐந்து நிமிடம் அவன் மட்டுமே பேசுகிறான். அவள் உலக்கையை நிறுத்திவிட்டு ஒரே ஒரு சொல் சொல்கிறாள். பிறகு மறுபடி குத்தத் தொடங்குகிறாள். படம் முடிகிறது.

அந்த வேடத்தில் நடித்தவர் வடக்கிலிருந்து வந்த நடிகை. நல்ல முகம், கன்னடம் சுத்தமாக வராது. மலைநாட்டுப் பேச்சு வாயில் ஊறிய ஒரு குரல் வேண்டும் என்று டைரக்டர் இரண்டு மாதம் அலைந்தார். கிடைத்தவள் ஒரு தமிழ்ப் பெண். பெங்களூரில் ஒரு மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பவள். அவள் அப்பா மலைநாட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலி. அவள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். ஆனால் தோட்டத்துப் பள்ளியில் தமிழ் மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் கன்னடத்தை அந்த ஊர்க்காரியாகவே பேசுவாளே தவிர, ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"அப்போ நீ எழுதிக் கொடு, மாராயா. உன் லிபியில்" என்றார் டைரக்டர்.

நான் ஒரு நீள நோட்டில் படத்தின் வசனம் முழுவதையும், கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. 'குடம்' என்பதில் வரும் கு வேறு, 'தங்கு' என்பதில் வரும் கு வேறு. தமிழுக்கு அது பொருட்டில்லை, ஒரே எழுத்தால் இரண்டையும் எழுதிவிடலாம். கன்னடத்துக்கு இரண்டு எழுத்து, இரண்டு பொருள். ஆகவே ஒரு வழி வைத்துக்கொண்டோம். குடத்தின் கு மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்துக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. கோடு இல்லையென்றால் தங்கு மாதிரி. அவள் ஒரு நாளில் பழகிக்கொண்டாள்.

கடைசிச் சொல் 'சாகு'. அடியில் கோடு போட்டு வாசித்தால் கன்னடத்தில் 'போதும்' என்று அர்த்தம். டைரக்டர் எழுதியது அதுதான், படப்பிடிப்பில் அவர் தினமும் சொல்வதும் அதுதான். கோடு இல்லாமல் வாசித்தால் 'நட', 'மேலே போ' என்று அர்த்தம். நான் கோடு போடவில்லை. காரணம் எதுவும் இல்லை. சிவப்புப் பென்சில் மேசையில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் கன்னடப் படங்களுக்கும் சென்னையில்தான் குரல் பதிவு. அவளும் துணைக்கு அவள் அண்ணியும் ரயிலில் வந்தார்கள். சின்னத் துண்டுப் பிலிமைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, நடிகையின் வாயைப் பார்த்துப் பேச வேண்டும். கடைசித் துண்டு ஓடியது. அவள் நோட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், சொன்னாள். உதட்டசைவு அச்சாகப் பொருந்தியது. இரண்டு கு-வுக்கும் உதடு ஒன்றுதான்.

டைரக்டர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னாள். அதே மெல்லிய கு.

"உன் நோட்டில் அப்படியா எழுதியிருக்கு?"

அவள் பயந்துவிட்டாள். நோட்டைத் திருப்பி அவருக்குக் காட்டினாள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "எழுதினதைத்தானே சார் வாசிக்க முடியும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். கோடு இல்லை. "என் தப்பு சார்" என்றேன். அவர் நோட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு சிரித்தார்.

"மாராயா, மூணு மாசம் யோசிச்சு நான் அந்தப் பொம்பளையை நிறுத்தி வச்சிருந்தேன். இவ அவளை நடக்க விட்டுட்டா. இருக்கட்டும், மாத்தாதே." வெளியே வந்ததும் சொன்னார்: "இந்தப் பெண்ணோட பேர் தனி அட்டையில் வரணும். எப்படி எழுதணும்னு அவகிட்டயே கேட்டு எழுது."

கேட்டேன். கேன்டீனில் அவளும் அண்ணியும் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேரைத் தமிழ்ல போடுவாங்களா சார்?" என்றாள்.

"கன்னடப் படத்திலா? எதுக்கு?"

"அப்பாவுக்குக் கன்னடம் வாசிக்க வராது. எங்க தோட்டத்துப் பக்கம் டூரிங் கொட்டாய்க்கு எல்லாப் படமும் வரும். நான் சினிமாவுல பேசறேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. சின்னதா, கன்னடத்துக்குக் கீழ போட்டாக்கூடப் போதும்."

அண்ணி சிரித்தாள். "அப்பாவுக்காகத்தான் கேக்கறான்னு நெனச்சுராதீங்க சார். கன்னடத்துல போட்டா அது தன் பேருதானான்னு இவளுக்கே தெரியாது."

"நீங்க மட்டும் கண்டீங்களாக்கும், அண்ணி" என்றாள் அவள். மூவரும் சிரித்தோம்.

அன்று மாலை டைட்டில் எழுதும் ஓவியரிடம் பட்டியலைக் கொடுப்பதற்கு முன் அவள் பெயரை அடித்தேன். டைரக்டரிடம் அப்போதே பொய் சொன்னேன், அவளிடம் படம் வந்த பிறகு, அவள் கேட்டபோது.

ஏன் என்று பல வருடம் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பெங்களூரில் அப்போது மொழியின் பெயரால் சண்டை வந்துகொண்டிருந்தது. ஒரு கன்னடப் படத்தின் அட்டையில் தமிழ் எழுத்து வந்தால், யார் இது, யார் இவளைக் கூட்டி வந்தது என்று கேட்பார்கள். என் இனிஷியலுக்குப் பின்னால் இருப்பவனையும் தோண்டுவார்கள் என்று பயந்தேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் உண்மை என்றால் தமிழ் எழுத்தை விட்டுவிட்டு கன்னடத்தில் மட்டும் அவள் பெயரை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பயத்தைவிடச் சின்ன காரணம் ஒன்று இருந்தது. என் பெயர் மற்ற மூன்று பேரோடு சேர்ந்து ஒரே அட்டையில் இருந்தது. அவளுக்குத் தனி அட்டை. நான்கு நாள் வந்து பேசிவிட்டுப் போகிறவளுக்கு, என் மறதியால் கிடைத்த ஒரு சொல்லுக்கு, தனி அட்டை. இதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு நாற்பது வருடம் பிடித்தது.

படம் பேசப்பட்டது. கடைசிச் சொல்லைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அவள் புருஷனைப் போகச் சொன்னாளா, உலக்கையைப் பார்த்துச் சொன்னாளா, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாளா? டைரக்டரைப் பேட்டி எடுத்தவர்கள் கேட்டால், "அது என்னுடையது இல்லை. அதன் சொந்தக்காரி தன் பேரைச் சொல்ல வேண்டாம் என்றாள்" என்பார். எவ்வளவு அடக்கம் என்று எழுதினார்கள்.

அவர் அடுத்த படத்திலிருந்து குரல் பதிவையே விட்டுவிட்டார். யார் நடித்தாலும் நடிக்கும்போதே அவர்கள் குரலையே எடுப்பது என்று வைத்துக்கொண்டார். பின்னால் வந்த இளைஞர்கள் பலர் அவரைப் பார்த்துத்தான் அப்படி எடுக்கத் தொடங்கினார்கள். யதார்த்தம் என்று அதற்குப் பெயர் வந்தது. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். என்னிடம் அவர் சொன்ன காரணம் வேறு. "பேர் சொல்ல விரும்பாத ஒருத்தியோட குரலை வாங்கி நான் பேர் எடுத்துட்டேன், மாராயா. இன்னொரு தடவை அது வேண்டாம்." அப்போது கிடைத்த கேமராக்கள் நெல் மில் மாதிரி சத்தம் போடும். அவருடைய மூன்றாவது படத்தில் பாதி வசனம் யாருக்கும் புரியவில்லை. தயாரிப்பாளர்கள் விலகினார்கள். கடைசிக் காலத்தில் டிவி சீரியல் எடுத்தார். என் பொய் அவருக்கு ஒரு கொள்கையைக் கொடுத்தது. அந்தக் கொள்கை அவர் தொழிலைத் தின்றது. எந்தக் கட்டுரையிலும் இதை நான் எழுதவில்லை.

நான் அந்தப் படத்தோடு லண்டன் திரைப்பட விழாவுக்கு வந்து, படிப்பு, வேலை என்று இங்கேயே தங்கிவிட்டேன். அவர் இரண்டு முறை லண்டன் வந்தார். இரண்டாவது முறை விழாக்காரர்கள் ஓட்டல் கொடுக்கவில்லை. என் வீட்டில், பெட்டிகள் வைக்கும் சின்ன அறையில் ஒரு வாரம் இருந்தார். என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். அவர் கேட்ட அக்கி ரொட்டிக்கு அரிசி மாவு தேடி அப்டன் பார்க் வரைக்கும் போய் வந்தாள். காலையில் அவர் பின்வாசலில் நின்று குரோய்டன் போகும் ரயில்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு காலையில் கேட்டார்.

"அந்தப் பெண் எங்கே இருக்கா?"

"தெரியாது சார்."

"விசாரிச்சுப் பாரேன். இத்தனை வருஷம் ஆச்சு. கல்யாணம் ஆகி, குழந்தை குட்டி வந்திருக்கும். இப்பவாவது பேர் போடலாமான்னு கேளு. நான் இருக்கும்போதே போட்டுட்டா நல்லது."

அவர் பக்கத்தில் நின்றேன். கையில் காப்பி இருந்தது. ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. "போன தடவை ஊருக்குப் போனப்போ விசாரிச்சேன் சார். வேண்டாம்னுதான் சொல்றாளாம்" என்றேன்.

"சரி. அவ இஷ்டம்" என்றார். அடுத்த ரயில் போகும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஊர் திரும்பி இரண்டாவது வருடம் இறந்தார்.

போன வருடம் அந்தப் படத்தைச் சுத்தம் செய்து புதுப் பிரதி எடுத்திருப்பதாகவும், தேம்ஸ் தென்கரையில் ஒரு அரங்கில் திரையிடப் போவதாகவும், நான் முன்னால் பேச வேண்டும் என்றும் கடிதம் வந்தது. குழுவில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன் என்று எழுதியிருந்தார்கள். அது அவர்களுக்குத் தெரிந்தவரை. எனக்கு இன்னொருத்தி ஞாபகம் வந்தாள்.

பெங்களூரில் அந்த மாதா கோயிலுக்கு ஒரு நண்பனை அனுப்பினேன். அவன் போனில் சிரித்தான். "நீ இங்கே தேடறே. அவங்க உன் ஊர்லதான் இருக்காங்க. மகன் லண்டன் ஏர்போர்ட்ல வேலையாம். போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சாம்." பதினைந்து வருடம் ஒரே ஊரில் இருந்திருக்கிறோம்.

ஏர்போர்ட்டை ஒட்டி, ஹவுன்ஸ்லோ பக்கம் தமிழ்ப் பூசை நடக்கும் மாதா கோயிலுக்குப் போனேன். அங்கே பெரும்பாலும் யாழ்ப்பாணம், மன்னார் ஆட்கள். கதவடியில் பாட்டுப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த மன்னார்க்காரரிடம் கேட்டேன்.

"ஓம், பெங்களூர் அம்மா. முதல் வாசகம் வாசிக்கிறவ. அவ வாசிச்சுப்போட்டு இறங்கினால் பிறகு பிரசங்கம் வைக்க எங்கட பாதருக்கே பயம். இப்ப முழங்கால் ஏலாது. மாசத்தில ஒருக்கா மகன் கூட்டிக்கொண்டு வாறான். நீங்கள் ஆர், சொந்தமோ?"

"பழைய பழக்கம்."

"பழைய பழக்கமெண்டால் போன் நம்பர் இல்லாமல் போகுமோ, அண்ணை?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருங்கோ, நான் அவவிட்ட கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

கேட்டுவிட்டுச் சொன்னார். வரச் சொன்னார்களாம்.

ஹவுன்ஸ்லோவில் அவர்கள் வீடு விமானங்கள் இறங்கும் பாதைக்கு நேர் கீழே. மகன் ஷிப்டுக்குப் போயிருந்தான். அவரே நடைவண்டியைப் பிடித்து வந்து கதவைத் திறந்தார். முகம் எனக்குத் தெரியவில்லை. "வாங்க சார்" என்றார். குரல் அப்படியே இருந்தது.

நான் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். பட்டியல், பேனா, இரண்டு பொய், பின்வாசலில் சொன்ன மூன்றாவது பொய், தனி அட்டை மேல் இருந்த எரிச்சல், எல்லாம். நடுவில் விமானம் போனபோதெல்லாம் அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். சத்தம் ஓய்ந்ததும் கையை இறக்கினார். நான்கு நாள் குரல் பதிவில் கற்றுக்கொண்டதா, பதினைந்து வருடம் அந்த வீட்டில் இருந்து வந்த பழக்கமா, தெரியவில்லை.

நான் முடித்ததும் அவர் நடைவண்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அப்பா மூணு நாள் போனாரு சார்" என்றார். "மொத நாள் பேரு வேகமா ஓடிருச்சோ, நாந்தான் கவனிக்கலியோன்னு ரெண்டாவது நாளும் போனாரு. மூணாவது நாள் பக்கத்து லயத்து வீட்டு ஆளையும் கூட்டிட்டுப் போனாரு, அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு. மூணு நாளும் டைட்டில் முடிஞ்சதும் எழுந்து வந்துட்டாராம். படம் பாக்கவே இல்ல. பாத்திருந்தா என் கொரலையாவது கேட்டிருப்பாரு."

விமானம் ஒன்று போயிற்று. காத்திருந்து தொடர்ந்தார்.

"அதுக்கப்புறம் நான் எது சொன்னாலும், சினிமாவுல பேசினவதானேம்பாரு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்தப்பக்கூட அவங்ககிட்ட சொன்னாரு, பொண்ணு நல்லவதான், கொஞ்சம் கத விடுவான்னு. என் பையனுக்கும் நான் சொன்னதில்ல. சொன்னா அவனும் அப்படித்தானே நெனப்பான்."

"உங்க காலில் விழணும்" என்றேன்.

"வேணாம் சார். நீங்க விழுந்தா தூக்க இங்க ஆளில்ல." சிரிக்கவில்லை. "டைரக்டர் செத்த செய்தி வந்தப்ப ஒரு பூசை வச்சேன். என் பேரை எடுத்த மனுஷனை மன்னிச்சிட்டேன்னு வேண்டிக்கிட்டேன். அதுக்கு எனக்கு இருபது வருஷம் ஆச்சு சார், அப்படி மனசு வர்றதுக்கு. அது தப்பான ஆளுக்குப் போயிருச்சு. பாவம், அவரு என்ன பண்ணாரு? இப்ப மறுபடியும் மொதல்லேருந்து உங்களுக்குக் கொடுக்கணும்னா, எங்கிட்ட அவ்வளவு வருஷம் இல்ல."

வந்த காரியத்தைச் சொன்னேன். திரையிடலில் உண்மையைச் சொல்லப் போகிறேன், அவர் பெயரைப் போட வைக்கிறேன், அவர் வந்தால் போதும்.

இரண்டு விமானம் போயின.

"தமிழ்ல போடுவாங்களா?" என்றார்.

அரங்கத்தின் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக் குறிப்பெடுத்தார். படத்தின் பழைய அட்டைகளைத் தொட முடியாது, ஆனால் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயர் மட்டும், தனியாக, பெரிதாக, தமிழில் வரும் என்று உறுதி சொன்னார். தனிப் பக்கம். நான் கேட்காமலே அப்படிச் சொன்னார். புத்தகத்தில் என் ஒப்புதல் வாக்குமூலமும் கட்டுரையாக வரும்.

பெயரை ஒரு வெள்ளைத் தாளில் என் கையால் எழுதிக் கொடுத்தேன். அச்சுக்கு முன் சரிபார்க்க இரண்டு பைல் வந்தன. ஒன்றில் என் கட்டுரை. இன்னொன்றில் அந்த முதல் பக்கம். கட்டுரையை மூன்று முறை படித்தேன். ஒரு வாக்கியத்தில் என் குற்றம் கொஞ்சம் அலங்காரமாகத் தெரிந்தது, அதை மாற்றினேன். ஒரு அரைப்புள்ளியை எடுத்து, மறுநாள் திரும்ப வைத்தேன். இரண்டாவது பைலைத் திறக்கவே இல்லை. ஒரே ஒரு பெயர்தானே, அதில் என்ன தவறு வரப்போகிறது என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா? இரண்டும் சரி என்று பதில் அனுப்பிவிட்டேன்.

திரையிடல் அன்று மகன் அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தான். ஏர்போர்ட் ஜாக்கெட்டோடு வந்திருந்தான், ஷிப்டு முடிந்து நேராக. அவர் நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். ஓரமாக ஒரு வரிசையில் இடம் வைத்திருந்தார்கள். மகன் என்னிடம், "அங்கிள், அம்மா நேத்துத்தான் என்கிட்ட சொன்னாங்க. நான் சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றான். அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பத்து நிமிடம் பேசினேன். எதையும் மறைக்கவில்லை. முடித்தபோது எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்குத்தான். நான் கையைக் காட்டி அவர் இருக்கும் திசையைச் சுட்டினேன். விளக்குகள் ஏற்கெனவே அணையத் தொடங்கியிருந்தன.

படம் ஓடியது. கடைசிச் சொல் வந்தது. அந்த மெல்லிய கு அரங்கம் முழுக்கக் கேட்டது. சிலர் அழுதார்கள் என்று நினைக்கிறேன். விளக்கு வந்ததும் அவரிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடியில் இருந்த புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன்.

அச்சில் தமிழ் உடைந்திருந்தது. எங்கோ ஒரு கணினியில் எழுத்து மாறிப் போய், கொம்பும் காலும் எழுத்தை விட்டுக் கழன்று, இருக்க வேண்டிய இடம் மாறி, புள்ளியால் ஆன வட்டங்களின் மேல் தொற்றிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு காலிக் கட்டம். பக்கம் நிறைய, பெரிதாக, அழகான தாளில்.

அவர் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டு வாசித்தார். அவர் பெயரை அல்ல. அங்கே அச்சாகியிருந்ததை, அது எப்படி இருந்ததோ அப்படியே. கழன்ற கொம்பைத் தனியாக, மெய்யைத் தனியாக. காலிக் கட்டம் வந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு மீதியை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் ஏதோ ஜெபம் என்று நினைத்துத் தலையைத் தாழ்த்தினார்.

"நான் பாக்கலை" என்றேன். "அனுப்பினாங்க. நான் பாக்கலை."

"எழுதினதைத்தானே சார் வாசிக்க முடியும்" என்றார்.

புத்தகத்தை மூடி மகனிடம் கொடுத்தார். அரங்கத்துப் பெண் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். மறு அச்சு போடுவதாக, இணையத்தில் இன்றே திருத்துவதாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைத் தூக்கினார், விமானத்துக்குத் தூக்குவது போல.

"சாகு" என்றார் என்னைப் பார்த்து. கன்னடத்தில்தான். அழுத்தமான கு. கோடு இல்லாமலே எனக்கு அது புரிந்தது. பிறகு தமிழில், "இனிமே என் பேரை எங்கயும் எழுதாதீங்க சார்" என்றார்.

அதனால்தான் இதில் அவர் பெயர் இல்லை. அவர் பெயர் இல்லாத இடத்தில் டைரக்டரின் பெயரோ என் பெயரோ இருப்பதும் முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

பிறகு எனக்குக் கடிதங்கள் வந்தன. எவ்வளவு நேர்மை என்று எழுதியிருந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் 'தவறும் கலையும்' என்று ஏதோ தலைப்பில் பேசக் கூப்பிட்டார்கள். பதில் போடவில்லை. கடைசிச் சொல்லைப் பற்றிய என் பழைய கட்டுரையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். அதையும் புத்தகத்தில் வந்த வாக்குமூலத்தையும் சேர்த்தே இனிப் பாடமாக வைப்பதாகப் பதில் வந்தது.

மறு அச்சில் பெயர் சரியாக வந்திருக்கிறது. அரங்கத்துப் பெண் எனக்கு ஐந்து பிரதி அனுப்பினார். எழுதக் கூடாது என்றாரே தவிர, எழுதியதைக் காட்டக் கூடாது என்று சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு இரண்டு ரயில் மாறி ஹவுன்ஸ்லோ போனேன். மகன்தான் கதவைத் திறந்தான். முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே அவர் போனில் யாரிடமோ பேசும் குரல் கேட்டது. விமானம் வந்ததும் நின்றது, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"அம்மா தூங்குறாங்க, அங்கிள்" என்றான்.

"சரி" என்றேன். பிரதியை அவனிடம் நீட்டினேன். அவன் கை நீட்டவில்லை.

ஐந்து பிரதியும் என் மேசையில்தான் இருக்கின்றன.